கேஷுவாலிட்டி வாசலில் நிற்பவர் யார்? - அவசர சிகிச்சை ஒரு மேல்படிப்பான கதை

இரவு இரண்டு மணி. நெடுஞ்சாலையில் ஒரு விபத்து. அடிபட்டவரை யாரோ நான்கு பேர் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடி வருகிறார்கள். அந்தக் கட்டடத்துக்குள் இதய நிபுணர் இருக்கிறார், எலும்பு நிபுணர் இருக்கிறார், மூளை நரம்பு நிபுணர் இருக்கிறார். எல்லோரும் பல வருடம் மேல்படிப்பு படித்தவர்கள். ஆனால் வாசலில் ஸ்ட்ரெச்சரை எதிர்கொண்டு முதலில் கை வைக்கப் போகிறவர் யார்?

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், உலகின் பல நாடுகளில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்தது. அந்த ஆஸ்பத்திரியிலேயே மிகக் குறைந்த அனுபவம் உள்ளவர்! போன வருடம் வரை மாணவராக இருந்த பயிற்சி மருத்துவர். அவருக்குத் துணையாக ஒரு நர்ஸ். நோயாளிக்கு மிக மோசமான நேரம் எதுவோ, அந்த நேரத்தில் மிகக் குறைந்த பயிற்சி உள்ளவர் கையில் அவர் ஒப்படைக்கப்பட்டார்.

தோலுக்கும் பல்லுக்கும் கண்ணுக்கும் தனி மேல்படிப்பு வந்த பிறகும், உயிர் போகும் முதல் ஒரு மணி நேரத்துக்கு என்று ஒரு மேல்படிப்பு வரவில்லை. அது வருவதற்கு 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏன் அவ்வளவு தாமதம்? யார் அதை உருவாக்கினார்கள்? யார் எதிர்த்தார்கள்? இந்தக் கதையின் பெரும்பகுதி அமெரிக்காவில் நடந்தது. அங்கிருந்தே தொடங்குவோம்.

யாருக்கும் சொந்தமில்லாத அறை

பழைய காலத்தில் அமெரிக்காவில் உடம்பு சரியில்லை என்றால் டாக்டர் வீட்டுக்கு வருவார். 1930-ல் மருத்துவர் நோயாளியைப் பார்த்த சந்தர்ப்பங்களில் சுமார் 40 சதவீதம் நோயாளியின் வீட்டிலேயே நடந்தன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1950-ல் அது ஏறக்குறைய 10 சதவீதமாகக் குறைந்துவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மருத்துவர்கள் பொது மருத்துவத்தை விட்டுத் தனித்தனித் துறைகளுக்குப் போனார்கள். ராத்திரியில் கூப்பிட்டால் வருகிற குடும்ப டாக்டர் அரிதாகிப் போனார்.

ஆனால் நோய் நேரம் பார்த்தா வருகிறது? மக்கள் நேராக ஆஸ்பத்திரியின் அவசர அறைக்கு வர ஆரம்பித்தார்கள். அதே காலத்தில் கார்கள் பெருகின, வேகமான நெடுஞ்சாலைகள் வந்தன, விபத்துகளும் கூடின. அவசர அறையின் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போனது.

அந்த அறையை யார் நடத்துவது? பெரிய போதனா மருத்துவமனைகளில் பயிற்சி மருத்துவர்கள் நின்றார்கள். சிறிய ஊர் ஆஸ்பத்திரிகளில் அங்கே பணிபுரியும் எல்லா மருத்துவர்களும் முறை வைத்துக்கொண்டு வர வேண்டும். இன்று தோல் மருத்துவர் முறை, நாளை மனநல மருத்துவர் முறை என்று போகும். மாரடைப்போடு ஒருவர் வரும் இரவில் தோல் மருத்துவர் முறையாக இருந்தால்? அது அவருடைய தவறும் இல்லை. அவர் படித்தது வேறு.

அறுவை சிகிச்சைத் துறை அந்த அறையைத் தன்னுடையது என்று சொல்லவில்லை. பொது மருத்துவத் துறையும் சொல்லவில்லை. தலைவர் இல்லாத இடத்தில் ஆசிரியர் இருக்க மாட்டார். ஆசிரியர் இல்லாத இடத்தில் பாடம் எங்கிருந்து வரும்?

அலெக்சாண்ட்ரியாவில் நான்கு பேர்

1961-ல் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள அலெக்சாண்ட்ரியா மருத்துவமனையில் ஜேம்ஸ் மில்ஸ் என்ற மருத்துவர் ஒரு வித்தியாசமான முடிவு எடுத்தார். நன்றாக நடந்துகொண்டிருந்த தன் சொந்த கிளினிக்கை விட்டுவிட்டு, இன்னும் மூன்று மருத்துவர்களைச் சேர்த்துக்கொண்டு, அவசர அறையில் மட்டுமே முழு நேரமும் வேலை பார்ப்பது என்று இறங்கினார். பகல், இரவு, ஞாயிறு, பண்டிகை எல்லா நாளும் அந்த நால்வரில் ஒருவர் அங்கே இருப்பார்.

இன்று கேட்டால் இது சாதாரணமாகத் தெரியும். அன்றைக்குச் சக மருத்துவர்கள் வியந்து பார்த்தார்கள். அவசர அறையை ஒரு மருத்துவர் தானே விரும்பித் தன் தொழிலாக எடுத்துக்கொள்வாரா? ஆனால் இந்த ஏற்பாடு நன்றாகவே நடந்தது. 'அலெக்சாண்ட்ரியா திட்டம்' என்ற பெயரில் மற்ற ஊர்களும் இதைப் பின்பற்றத் தொடங்கின. அதே 1961-ல் மிச்சிகன் மாநிலத்தின் பாண்டியாக் நகரில் முப்பது மருத்துவர்கள் வரை சேர்ந்து பகுதி நேரமாக அவசர அறையைக் கவனிக்கும் இன்னொரு திட்டமும் தொடங்கியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மில்ஸ் போன்றவர்கள் யாரும் இதைப் படித்துவிட்டு வரவில்லை. படிக்க இடமே இல்லை. செய்து செய்துதான் கற்றுக்கொண்டார்கள். தாங்கள் எவ்வளவு கற்க வேண்டியிருக்கிறது என்பதையும் அந்த அறைதான் அவர்களுக்குக் காட்டியது.

பிணம் தூக்கும் வண்டியே ஆம்புலன்ஸ்!

1966-ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகமும் தேசிய ஆராய்ச்சிக் குழுவும் ஒரு சிறிய அறிக்கை வெளியிட்டன. விபத்தால் வரும் மரணமும் ஊனமும் நவீன சமுதாயம் கண்டுகொள்ளாமல் விட்ட நோய் என்பது அதன் தலைப்பின் சாரம். அதில் இருந்த எண்கள் நாட்டையே உலுக்கின. 1965-ம் ஆண்டில் மட்டும் 5 கோடியே 20 லட்சம் விபத்துக் காயங்கள். 1,07,000 பேர் மரணம். ஒரு கோடிக்கும் அதிகமானோர் தற்காலிகமாக முடங்கினார்கள். 4 லட்சம் பேருக்கு நிரந்தர ஊனம்.

இன்னொரு தகவல் அதைவிட விசித்திரம். அன்றைய அமெரிக்காவின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறைய பாதியை நடத்தியவர்கள் யார் தெரியுமா? இறுதிச் சடங்கு நடத்தும் நிறுவனங்கள்! காரணம் எளிமையானது. ஒரு மனிதரைப் படுக்க வைத்து எடுத்துப் போகும் நீளமான வண்டி அவர்களிடம்தான் இருந்தது. அதில் கூட வருபவருக்கு முதலுதவிப் பயிற்சி பல இடங்களில் பெயரளவுக்குத்தான்.

கொரியப் போரிலும் வியட்நாம் போரிலும் காயம்பட்ட வீரர்களை ஹெலிகாப்டரில் தூக்கி, பயிற்சி பெற்றவர்கள் கையில் சீக்கிரம் சேர்த்ததால் பலர் பிழைத்தார்கள். அந்த வசதி சொந்த ஊர் நெடுஞ்சாலையில் அடிபட்டவருக்குக் கிடைக்கவில்லை. குறை மருந்திலும் கருவியிலும் மட்டும் இல்லை, பயிற்சியிலும் இருக்கிறது என்பதை அறிக்கை வெளிப்படையாகச் சொன்னது.

பிட்ஸ்பர்க்: வேலையற்ற இளைஞர்கள் படித்த பாடம்

அறிக்கை வந்த அதே 1966-ல் பிட்ஸ்பர்க் நகரில் இரண்டு மரணங்கள் நடந்தன. பென்சில்வேனியாவின் முன்னாள் ஆளுநர் டேவிட் லாரன்ஸ் மேடையில் மயங்கி விழுந்தார். போகும் வழியில் சரியான சிகிச்சை கிடைக்கவில்லை. சில நாட்களில் இறந்தார். அதே ஆண்டில் பீட்டர் சாஃபர் என்ற மயக்கவியல் மருத்துவரின் சிறு வயது மகள் ஆஸ்துமாவால் இறந்துபோனாள். சாஃபர் சாதாரண ஆள் இல்லை. வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கும் முறை வேலை செய்கிறது என்று 1950-களில் ஆய்வு மூலம் நிரூபித்தவர். உலகத்துக்கே உயிர்ப்பிக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தவர் தன் மகளைக் காப்பாற்ற முடியவில்லை.

சாஃபர் தன் துக்கத்தை ஒரு பாடத்திட்டமாக மாற்றினார். பிட்ஸ்பர்க்கின் ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற பகுதியில் வாழ்ந்த கறுப்பின இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பலர் வேலையில்லாதவர்கள். சிலர் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர்கள். அவர்களுக்கு சுமார் 300 மணி நேரப் பயிற்சி. உடற்கூறு, மூச்சுப்பாதை, இதயம், பிரசவம் எல்லாம் அதில் உண்டு. 1967-ல் உருவான இந்த 'ஃப்ரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸ் சேவை அடுத்த ஆண்டு தெருவில் இறங்கியது.

1974-ல் நான்சி கரோலின் என்ற இளம் பெண் மருத்துவர் அதன் மருத்துவ இயக்குநரானார். ஆம்புலன்ஸில் கூடவே போய், தெருவில் நின்று பாடம் நடத்தினார். அவர் எழுதிய பாடத்திட்டம்தான் பின்னர் அமெரிக்காவின் பாராமெடிக் பயிற்சிக்கே தேசிய அளவில் அடித்தளமானது. ஆனால் 1975-ல் நகராட்சி தன் சொந்த ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்கி ஃப்ரீடம் ஹவுஸை மூடிவிட்டது. அங்கே பயிற்சி பெற்றவர்களில் பலர் புதிய சேவையிலிருந்து மெல்ல மெல்ல வெளியேற நேர்ந்தது. பாடம் நாடெங்கும் போனது, அதை முதலில் கற்றுச் செய்து காட்டியவர்கள் பல வருடம் மறக்கப்பட்டார்கள்.

அவசர சிகிச்சைக்கு முக்கியமாக வேண்டியது முறையான பயிற்சி. பட்டமும் பின்னணியும் பிறகுதான். ஃப்ரீடம் ஹவுஸ் இதைக் கண்கூடாகக் காட்டியது. அப்படியானால் பட்டம் பெற்ற மருத்துவர்களுக்கு மட்டும் அந்தப் பயிற்சி வேண்டாமா?

ஒரே ஒரு மாணவர்

1968 ஆகஸ்டில் மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங் நகரில் ஜான் வீகன்ஸ்டைன் என்பவர் தலைமையில் எட்டு மருத்துவர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். அதுதான் அமெரிக்க அவசர மருத்துவர்கள் கல்லூரி. பெயரில் கல்லூரி என்று இருந்தாலும் அது ஒரு தொழில்முறைச் சங்கம். அவசர அறையில் வேலை பார்ப்பவர்கள் தாங்களாகவே கூடி, ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுப்பதுதான் தொடக்க நோக்கம்.

1970-ல் ஓஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் அடுத்த அடி எடுத்து வைக்கப்பட்டது. புரூஸ் ஜேனியாக் என்ற இளம் மருத்துவர் அவசர மருத்துவத்திலேயே மேற்பயிற்சி பெற விரும்பினார். அவருக்காக உலகின் முதல் அவசர மருத்துவ ரெசிடென்சி தொடங்கியது. மாணவர் எண்ணிக்கை: ஒன்று!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மேல்படிப்பு என்றால் அந்தத் துறையில் ஏற்கனவே படித்துத் தேர்ந்த ஆசிரியர் இருக்க வேண்டும். இங்கே அப்படி ஒருவர் கூட இல்லை. ஒவ்வொரு துறையாகப் போய், அந்தந்த நிபுணரிடம் அவசரத்துக்கு வேண்டியதைக் கற்று, திரும்ப அவசர அறைக்கே வந்து பொருத்திப் பார்க்க வேண்டும். இரண்டு வருடம் இப்படிப் படித்து 1972-ல் ஜேனியாக் பயிற்சியை முடித்தார். படித்து முடித்தும் அவர் 'நிபுணர்' இல்லை. அந்தத் துறையே அங்கீகரிக்கப்படவில்லையே!

1971-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுன்ட்டி மருத்துவமனையும் தெற்கு கலிபோர்னியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து அவசர மருத்துவத்துக்குத் தனித் துறையே ஏற்படுத்தின. அதன் முதல் தலைவர் கெய்ல் ஆண்டர்சன். அவர் அடிப்படையில் மகப்பேறு மருத்துவர். இந்தத் துறையின் முதல் ஆசிரியர்கள் எல்லோரும் இப்படித்தான், வேறு வேறு வீட்டிலிருந்து வந்து ஒரு புது வீடு கட்டியவர்கள்.

நெப்ராஸ்கா வயலில் விழுந்த விமானம்

1976 பிப்ரவரி 17. ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் தன் சிறிய விமானத்தில் மனைவி, நான்கு குழந்தைகளோடு கலிபோர்னியாவிலிருந்து சொந்த ஊரான லிங்கனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு வயலில் விமானம் விழுந்தது. மனைவி அந்த இடத்திலேயே இறந்தார். மூன்று குழந்தைகளுக்குப் பலத்த காயம். அடிபட்ட நிலையில் அவரே சாலைக்கு வந்து ஒரு காரை நிறுத்தி, குழந்தைகளை அருகில் இருந்த ஒரு சிறிய ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். ஆஸ்பத்திரி பூட்டியிருந்தது. திறந்த பிறகு நடந்த சிகிச்சையைப் பார்த்து அவர் அதிர்ந்துபோனார். காயம்பட்டவரை எந்த வரிசையில் பார்ப்பது என்பதே அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. வயலில் தான் செய்ததே அதைவிட மேல் என்று அவருக்குப் பட்டது.

குழந்தைகள் பிழைத்தார்கள். ஸ்டைனர் யாரையும் குற்றம் சாட்டிக்கொண்டு உட்காரவில்லை. அந்த ஊர் மருத்துவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்பதுதான் பிரச்சினை என்று புரிந்துகொண்டார். லிங்கன் நகர மருத்துவர்களும் நர்ஸ்களும் சேர்ந்து ஒரு சுருக்கமான பயிற்சி வகுப்பைத் தயாரித்தார்கள். 1978-ல் நெப்ராஸ்காவின் ஆபர்ன் என்ற ஊரில் முதல் வகுப்பு நடந்தது. 1980-ல் அமெரிக்க அறுவை சிகிச்சையாளர் கல்லூரி அதை நாடு முழுவதும் எடுத்துச் சென்றது. இன்று 80-க்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கும் ஏ.டி.எல்.எஸ். பயிற்சி அதுதான்.

அதன் உள்ளடக்கம் மருத்துவக் கல்லூரிப் பாடத்தைத் தலைகீழாகத் திருப்பியது. கல்லூரியில் என்ன சொல்லிக்கொடுப்பார்கள்? முதலில் நோயாளியின் கதையைக் கேள், பிறகு உடலைச் சோதி, பிறகு நோயைக் கண்டுபிடி, கடைசியாகச் சிகிச்சை செய். இது சரியான முறைதான். ஆனால் ரத்தம் கொட்டிக்கொண்டிருப்பவரிடம் கதை கேட்க நேரம் ஏது? ஏ.டி.எல்.எஸ். சொன்னது இது: எது முதலில் கொல்லுமோ அதை முதலில் சரி செய். மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், நரம்பு நிலை, பிறகு உடையை அகற்றி முழு உடலையும் பார்ப்பது. ஆங்கில எழுத்து வரிசையில் ஏ, பி, சி, டி, இ. நோயின் பெயர் தெரியவில்லை என்பதற்காகச் சிகிச்சை நிற்கக் கூடாது.

100-க்கு 5

இவ்வளவு நடந்த பிறகு அங்கீகாரம் தானாக வந்திருக்கும் என்றுதானே நினைக்கத் தோன்றும்? வரவில்லை.

1977-ல் அவசர மருத்துவத்தைத் தனி நிபுணத்துவமாக ஏற்க வேண்டும் என்ற கோரிக்கை அமெரிக்க மருத்துவச் சிறப்பு வாரியங்களின் கூட்டமைப்பில் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 100 வாக்குகள். ஆதரவாக 5!

எதிர்த்தவர்களின் வாதத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். 'மாரடைப்பு இதய மருத்துவம். எலும்பு முறிவு எலும்பு மருத்துவம். வலிப்பு நரம்பு மருத்துவம். உங்களுக்கென்று சொந்தமாக என்ன இருக்கிறது? எல்லாத் துறையிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து வைத்தால் அது ஒரு துறையா?' என்று அவர்கள் கேட்டார்கள். உடலில் ஓர் உறுப்பையோ, வயதில் ஒரு பருவத்தையோ சொந்தம் கொண்டாடாத துறை அதுவரை கிட்டத்தட்ட இல்லை. தங்கள் நோயாளிகள் கை மாறிவிடுவார்களோ என்ற அச்சமும் சிலருக்கு இருந்தது.

பதில் இரண்டு வழிகளில் வந்தது. ஒன்று, தேர்வு. அங்கீகாரம் கிடைப்பதற்கு முன்பே மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகக் கல்வியாளர்களின் உதவியோடு ஒரு தேர்வைத் தயாரித்து 1977-ல் சோதனை நடத்தினார்கள். மருத்துவ மாணவர்கள், பயிற்சியில் இருப்பவர்கள், அவசர அறையில் அனுபவம் உள்ளவர்கள் என்று வெவ்வேறு பிரிவினர் எழுதினார்கள். மதிப்பெண்கள் அந்தப் பிரிவுகளைத் தெளிவாகப் பிரித்துக் காட்டின. அப்படியானால் இங்கே கற்றுக்கொள்ளக்கூடிய, அளக்கக்கூடிய ஒரு தனித் திறமை இருக்கிறது என்றுதானே பொருள்? பின்னாளில் வந்த வாய்மொழித் தேர்வில் ஒரே நேரத்தில் பல நோயாளிகளைச் சமாளிக்கச் சொல்லும் பகுதியும் இருந்தது. அவசர அறையின் நிஜம் அதுதான்.

இரண்டாவது பதிலைச் சொன்னவர் பீட்டர் ரோசன். அறுவை சிகிச்சையாளராகப் பயின்று அவசர மருத்துவத்துக்கு வந்தவர். 1979-ல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று அவசர மருத்துவத்துக்கென்று தனி உயிரியல் உண்டு என்று வாதிட்டது. நோய் முற்றி, பெயர் தெரிந்த பிறகு பார்ப்பது வேறு. தொடங்கிய சில நிமிடங்களில், எந்த முகத்தோடு வருகிறது என்றே தெரியாத நேரத்தில் பார்ப்பது வேறு. துறையின் எல்லை உறுப்பால் வகுக்கப்படவில்லை, நேரத்தால் வகுக்கப்படுகிறது.

கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. அவசர மருத்துவ வாரியத்தில் மற்றத் துறைகளின் பிரதிநிதிகளும் உட்காருவார்கள் என்ற ஏற்பாட்டோடு, 1979 செப்டம்பரில் அவசர மருத்துவம் அமெரிக்காவின் 23-வது மருத்துவச் சிறப்புத் துறையாக ஏற்கப்பட்டது. 1980-ல் முதல் தேர்வு. 1989-ல் முழுச் சுதந்திரம் உள்ள தனி வாரியம். ஒரே ஒரு மாணவரோடு தொடங்கிப் பத்தொன்பது வருடம்!

ஆனாலும் ஒரு சிக்கல் இருந்தது. பல வருடம் அவசர அறையில் உழைத்து, ரெசிடென்சி படிக்காத மருத்துவர்களை என்ன செய்வது? ஐந்து வருடம், 7,000 மணி நேரம் அவசர அறையில் பணியாற்றியவர்கள் தேர்வு எழுதலாம் என்று ஒரு வழி திறந்து வைத்தார்கள். 1988-ல் அந்த வழி மூடப்பட்டது. அதற்குப் பிறகு மேல்படிப்பு படித்தவருக்கு மட்டுமே தேர்வு. இதை எதிர்த்து நீதிமன்றம் வரை போனார்கள். அனுபவம் பெரிதா, முறையான படிப்பு பெரிதா என்ற அந்தப் பழைய வழக்கில் அனுபவசாலிகளின் வருத்தம் பொய்யில்லை. ஆனால் அனுபவத்தால் கற்பது என்றால் ஆரம்பத்தில் வரும் நோயாளிகள் மீதுதானே கற்க வேண்டும்? பக்கத்தில் ஓர் ஆசிரியர் நின்றால் அந்த விலையை நோயாளி கொடுக்க வேண்டியதில்லை. மேல்படிப்பின் முழு நியாயமும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

இந்தியாவுக்கு வந்தபோது

பிரிட்டனில் 1962-ல் வந்த பிளாட் அறிக்கை 'கேஷுவாலிட்டி' என்ற பழைய பெயரை மாற்றி 'விபத்து மற்றும் அவசரப் பிரிவு' என்று அழைக்கச் சொன்னது. பிரிட்டிஷ் முறையில் மருத்துவமனைகளை அமைத்த நாம் அந்தப் பழைய பெயரை விடவே இல்லை. பெயர் மட்டுமா? டியூட்டி டாக்டரும் ஹவுஸ் சர்ஜனும் வாசலில் நிற்க, மேலே உள்ளவரை ஃபோனில் கூப்பிடும் பழக்கமும் தொடர்ந்தது.

இங்கே முதலில் பேசியது நீதிமன்றம். ஸ்கூட்டரில் போன ஒருவர் மீது கார் மோதியது. அவரைக் கொண்டு போன மருத்துவமனை, இது போலீஸ் கேஸ், 20 கிலோமீட்டர் தள்ளியுள்ள வேறு மருத்துவமனைக்குப் போங்கள் என்று திருப்பி அனுப்பியது. வழியிலேயே அவர் இறந்தார். பத்திரிகைச் செய்தியை வைத்துப் பரமானந்த் கடாரா என்பவர் தொடுத்த வழக்கில் 1989-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, உயிரைக் காப்பதுதான் முதல் கடமை, சட்ட நடைமுறை பிறகு.

தீர்ப்பு 'சிகிச்சை செய்' என்று சொன்னது. எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுக்கும் மேல்படிப்பு அன்றைக்கு நாட்டில் அங்கீகரிக்கப்பட்டிருக்கவில்லை. 1999-ல் இந்திய அவசர மருத்துவச் சங்கம் தொடங்கியது. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. 2009-ல்தான் இந்திய மருத்துவக் கவுன்சில் அவசர மருத்துவத்தைத் தனித் துறையாக ஏற்று மூன்றாண்டு எம்.டி. படிப்புக்கு வழி திறந்தது. அமெரிக்கா ஏற்று சரியாக முப்பது வருடம் கழித்து! பிறகு டி.என்.பி. படிப்பும் வந்தது. நர்ஸ்களுக்காக இந்திய நர்சிங் கவுன்சில் தீவிர சிகிச்சையில் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பை வகுத்தது. 108 வண்டியில் வரும் அவசரகால மருத்துவ நுட்புநரும் பயிற்சி பெற்றவரே.

2021 டிசம்பரில் தமிழக அரசு 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்பது அதன் சாரம். பணம் இல்லாததால் சிகிச்சை தள்ளிப்போவதை இது தடுக்கிறது. ஆனால் பணம் மட்டும் மூச்சுப்பாதையைத் திறக்காது. வண்டி, சட்டம், பணம் மூன்றும் நோயாளியை வாசல் வரைதான் கொண்டு வரும்.

வாசலில் நிற்பவர்

இந்த வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று புரியும். இந்த மேல்படிப்பு மேலே இருந்தவர்கள் யோசித்துக் கொண்டு வந்தது இல்லை. மகளை இழந்த ஒரு தகப்பன், மனைவியை இழந்த ஒரு கணவன், கிளினிக்கை விட்டு வந்த நால்வர், ஹில் டிஸ்ட்ரிக்ட்டின் வேலையற்ற இளைஞர்கள், ஆசிரியரே இல்லாத வகுப்பில் தனியாக உட்கார்ந்த ஒரு மாணவர் - இவர்கள் கீழிருந்து கட்டியது. ஒவ்வொருவரும் தாங்கள் பட்டதை அடுத்தவர் படக் கூடாது என்று நினைத்தார்கள். அந்த நினைப்பு நல்ல வார்த்தையோடு நின்றுவிடாமல், பாடத்திட்டமாகவும் தேர்வாகவும் பயிற்சி நேரமாகவும் மாறியதால்தான் நிலைத்தது.

நூறு பேர் எதிர்த்தபோது ஐந்து பேர் கையைத் தூக்கினார்கள். அதன் பலனைத்தான் இன்று முகம் தெரியாத ஒரு நோயாளி இரவு இரண்டு மணிக்கு அனுபவிக்கிறார். ஸ்ட்ரெச்சர் உள்ளே வரும்போது, 'யாரைக் கூப்பிடுவது?' என்று ஃபோனைத் தேடாமல், நேராக நோயாளியின் தலைப்பக்கம் போய் மூச்சு வருகிறதா என்று பார்க்கும் ஒருவர் அங்கே நிற்கிறார். எல்லா ஊர் வாசலிலும் அப்படி ஒருவர் நிற்கும் வரை இந்தக் கதை முடியாது.